நாற்பது நிமிஷ நடை

ஜனவரி 11

அடி சின்னவளே,

போனில் பேசினால் நமக்குச் சரிப்படாது. ஞாயிற்றுக்கிழமை மொத்தம் ஏழு நிமிஷம் பேசினோம். அதில் மூன்று நிமிஷம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். கடைசியில் நீ படக்கென்று வைத்துவிட்டாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

நான் அப்படி என்ன கேட்டுவிட்டேன்? எடை குறைக்கிற ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்கிறார் டாக்டர், உனக்கு என்ன தோன்றுகிறது என்றேன். "வேணாம்க்கா" என்றாய். ஏன் என்றேன். "வேணாம்னா வேணாம், விடேன்" என்றாய். இது ஒரு பதிலா? பக்கத்து வீட்டுக்காரி கூட இன்னும் நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

விஷயத்தை ஒழுங்காகச் சொல்கிறேன். எனக்கு ஐம்பத்தொரு வயது, நூற்றுப் பதினெட்டு கிலோ. நவம்பரில் பொரிக்கிற சட்டியிலிருந்து எண்ணெய் தெறித்து வலது பாதத்தில் ஒரு கொப்புளம் வந்தது. நாணயம் அளவுதான். ஒன்பது வாரம் ஆகிறது, இன்னும் ஆறவில்லை. சர்க்கரைக்குப் போடுகிற ஊசியை மூன்று முறை கூட்டிவிட்டார்கள். போன வாரம் டாக்டர் என் காலைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசினார். "இந்தப் புண் ஆறலாம். அடுத்தது ஆறாம போனா நாம விரலைப் பத்திப் பேச வேண்டியிருக்கும்" என்றார். மார்ச் இரண்டாம் வாரத்தில் ஆபரேஷனுக்கு ஒரு நாள் ஒதுக்கித் தருகிறாராம். பிப்ரவரி முடிவதற்குள் சொல்ல வேண்டும்.

உன் அத்தான் "உன் இஷ்டம்" என்கிறார். இருபத்தாறு வருஷமாக எல்லாவற்றுக்கும் அதே பதில்தான்.

எனக்குக் கத்தி பயம் இல்லை. நாக்குதான் பயம். நானூற்று இருபது பேருக்குச் சமைக்கிற கேன்டீனில் நான் தலைமைச் சமையல்காரி. ஒவ்வொரு அண்டாவிலும் ஒரு கரண்டி என் வாயில் பட்டுத்தான் வெளியே போகும். வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்துவிட்டால் ருசி தெரியுமா, பசி வருமா, வாசனையைத் தாங்க முடியுமா? இதையெல்லாம் யாரிடம் போய்க் கேட்பது?

அதனால் இன்னொன்றும் கேட்கிறேன். உன் முறையில் நான் எங்கே தப்புச் செய்கிறேன்? நீ எழுதிக் கொடுத்த தாளைப் பிசகாமல் செய்கிறேன். காலையில் வெந்நீர், நாற்பது நிமிஷ நடை, சர்க்கரை கிடையாது, ஆறு மணிக்குள் சாப்பாடு, தட்டில் கையளவு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இரண்டு வருஷம். நாலு கிலோ இறங்கி ஆறு கிலோ ஏறியிருக்கிறேன். நீ அதையே செய்து நாற்பத்தொரு கிலோ குறைத்தாய். உன் படத்தைக் கேன்டீன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி, பக்கத்தில் உன் தாளையும் ஒட்டியிருக்கிறோம், தெரியுமா? என்னோடு சேர்த்து ஆறு பெண்கள் தினமும் உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெந்நீர் குடிக்கிறோம்.

இப்போது காலுக்காக நடையைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன். நீ சொல்லு. ஆபரேஷனா, இல்லை இன்னும் கொஞ்ச நாள் உன் வழியா? காரணத்தோடு சொல்லு.

அக்கா


ஜனவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

போனை வைத்ததற்கு மன்னித்துக்கொள். அன்றைக்குக் கொஞ்சம் தலைவலி.

இங்கே பேருந்து நிலையத்தில் வேலை அதிகம். விசாரணைக் கவுண்டரில் நான் ஒருத்திதான். எந்த வண்டி எத்தனை மணிக்கு என்று பலகையில் பெரிதாக எழுதியிருக்கும். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு என்னிடம் கேட்பார்கள். முன்பு அறிவிப்பு அறையில் இருந்தபோது மைக்கில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். இப்போது முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நீ கேட்டதற்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. ஆபரேஷன் பெரிய விஷயம் அக்கா. நாக்கைப் பற்றி நீ பயப்படுவது சரிதான். செய்துகொண்ட ஒருவரைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மாதக்கணக்கில் எதை வாயில் வைத்தாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருந்ததாம். எண்ணெய் வாசனை வந்தாலே குமட்டுமாம். அவர் மேஜை முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை, சமாளித்துவிட்டார். நீ அண்டா முன்னால் நிற்கிறவள். வேலை போய்விட்டால் நீ சும்மா இருப்பாயா? இரண்டே நாளில் அத்தானைச் சமைத்துவிடுவாய்.

எனக்கும் ஆரம்பத்தில் மெதுவாகத்தான் குறைந்தது. பொறுமையாகச் செய். மனசு வைத்தால் முடியாதது இல்லை.

அந்தப் படத்தை எடுத்துவிடேன். எதற்கு அதெல்லாம். கூச்சமாக இருக்கிறது.

காலைப் பார்த்துக்கொள்.

சின்னவள்


ஜனவரி 27

சின்னவளுக்கு,

"மனசு வைத்தால் முடியும்." ரொம்ப நன்றி. உன் கடிதத்தைப் படித்தபோது உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் உரித்ததில் பாதிக் கிழங்கு தோலோடு போய்விட்டது.

அப்படியென்றால் நான் மனசு வைக்கவில்லை, அப்படித்தானே? எனக்குப் புரிந்துவிட்டது. நீ மட்டும் மெல்லிசாக இருக்க வேண்டும், நான் பக்கத்தில் பீப்பாய் மாதிரி நிற்க வேண்டும். அப்போதுதான் நாலு பேர் உன்னைப் பார்த்து "அட, இவளா அவள் தங்கச்சி!" என்பார்கள். சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே துணியில்தான் சட்டை தைப்பார்கள். ஒரு சுருள் துணி இரண்டு பேருக்குப் பத்தாது என்று தையல்காரர் முகம் சுளிப்பார், ஞாபகம் இருக்கிறதா? அப்போது நாம் ஒரே கட்சி. இப்போது நீ கட்சி மாறிவிட்டாய், சந்தோஷம். ஆனால் வெளியே வருகிற வழியை எனக்கு ஏன் அடைக்கிறாய்?

சரி, உன் பேச்சையே கேட்கிறேன். திங்கட்கிழமையிலிருந்து பழையபடி நாற்பது நிமிஷம் நடக்கிறேன். நேற்று ஐம்பது. புண்ணில் துணியைச் சுற்றி, இறுக்கமான ஷூ போட்டுக்கொண்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து கழற்றினால் துணி நனைந்திருந்தது. "பைத்தியமாடி உனக்கு?" என்றார் உன் அத்தான். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் அபிப்பிராயம் அதுதான்.

இருக்கட்டும். உன்னால் முடிந்தது என்னால் முடியாதா? டாக்டரிடம் வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன். படத்தையும் எடுக்க மாட்டேன். அதைப் பார்த்தால்தான் எனக்கு ரோஷம் வருகிறது.

பதில் எழுதாவிட்டாலும் பரவாயில்லை.

அக்கா


ஜனவரி 30

அக்கா,

நடக்காதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்த நிமிஷத்திலிருந்து நடக்காதே.

காலையிலிருந்து ஐந்து தடவை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. அத்தானைக் கூப்பிட்டு "அவளை நடக்க விடாதீங்க, டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லவும் விடாதீங்க, என் கடிதம் வர்ற வரைக்கும் பொறுங்க" என்றேன். "சரிம்மா" என்றார், காரணம் கேட்கவில்லை. நல்ல மனுஷன். போனில் அவரிடம் சொல்லத் துணிவு வரவில்லை. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

நான் நடந்து மெலியவில்லை. ஆபரேஷன் செய்துகொண்டேன்.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், மூன்று வாரம் வெளியூரில் பயிற்சி, அடிக்கடி பேச முடியாது என்று சொன்னேனே, அப்போதுதான். ஒரு பயிற்சியும் இல்லை. ஆஸ்பத்திரியில் நாலு நாள், மீதி நாள் வீட்டில் சூப்பும் தண்ணீருமாகக் கிடந்தேன். என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். உன் வீட்டுக்கு வந்தபோது தட்டில் இரண்டு ஸ்பூன் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் சாப்பிட்டேனே, "என்ன கட்டுப்பாடுடி உனக்கு!" என்று வியந்தாயே, அது கட்டுப்பாடு இல்லை அக்கா. அதற்குமேல் உள்ளே போகாது. இரும்பை நக்குகிற மாதிரி இருந்தது என்று யாரோ சொன்னதாக எழுதினேனே, அதுவும் நான்தான்.

ஃப்ரிட்ஜில் நீ ஒட்டியிருக்கிற தாள் இருக்கிறதே, அது ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாள். வெந்நீர், நாற்பது நிமிஷம், ஆறு மணி, கையளவு எல்லாம் அதில் இருந்ததுதான். "அறுவை சிகிச்சைக்குப் பிறகு" என்ற தலைப்பை மட்டும் விட்டுவிட்டு எழுதிக் கொடுத்தேன். நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். என்னிடம் வேறு எந்த முறையும் இல்லை.

ஏன் சொல்லவில்லை? முதலில் பயம். செத்துப்போனால் "அழகுக்கு ஆசைப்பட்டுப் போனாள்" என்று பேசுவார்களே என்று யாரிடமும் சொல்லவில்லை. பிறகு மெலிய ஆரம்பித்தேன். பதினாலு வருஷம் கதவை மூடிக்கொண்டு மைக்கில் பேசினவளை மேலாளர் கூப்பிட்டு, "இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?" என்று கேட்டு முன்னால் கவுண்டரில் உட்கார வைத்தார். அதே கட்டடத்தில்தான் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன்.

அப்புறம் நீ கூப்பிட்டாய். "சாதிச்சுட்டடி! நம்ம குடும்பத்துலயே உனக்குத்தான் மனசுறுதி" என்றாய். அக்கா, என் நாற்பத்திநாலாவது வயதில்தான் நீ முதல்முதலாக என்னைப் பாராட்டினாய். அதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரே ஒரு தடவை "நடந்தேன்" என்றேன். அப்புறம் அந்த ஒரு பொய்யைக் காப்பாற்ற ஆயிரம் பொய் சொல்ல வேண்டியதாயிற்று.

உன்னை ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாக்கு பாதிக் காரணம்தான். மீதி இதுதான்: நீ ஆபரேஷன் செய்துகொண்டால் உனக்கும் இதே மாதிரி ஒரு தாள் கொடுப்பார்கள். படித்த உடனே உனக்குத் தெரிந்துபோகும். அதற்குப் பயந்து உன் காலைப் பணயம் வைத்துவிட்டேன். "துணி நனைந்திருந்தது" என்று நீ எழுதிய வரியைப் படித்ததிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என்னைத் திட்டு. என்ன வேண்டுமானாலும் சொல். ஆபரேஷனை மட்டும் வேண்டாம் என்று சொல்லாதே.

சின்னவள்


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். முதலாவதில் வெறும் வசவு. இரண்டாவதும் அதேதான், கையெழுத்து மட்டும் கொஞ்சம் நன்றாக இருந்தது. மூன்றாவதில் நடுவில் அழுதுவிட்டேன், மை கலைந்துவிட்டது. இது நாலாவது.

உன் கடிதத்தைச் சாமான் அறையில் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். எனக்கு அடுத்த சமையல்காரன், சின்ன மாஸ்டர், வந்து, "அக்கா, பருப்புல உப்புப் பாக்கணும்" என்றான். "நீயே பாரு" என்றேன். பதினெட்டு வருஷத்தில் நான் அப்படிச் சொன்னதே இல்லை. பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான்.

கோபம் இல்லையா என்று கேட்காதே. வயிறு எரிகிறது. என் காலை நினைத்தால் உன் கன்னத்தில் ஒன்று விட வேண்டும் போல இருக்கிறது. இரண்டு வருஷம்! மழையில் குடை பிடித்துக்கொண்டு நடந்தேனடி. காய்ச்சலில் நடந்தேன். பிறந்தநாளுக்குக் கேக் வெட்டி எல்லோருக்கும் கொடுத்துவிட்டு விரலைக்கூட நக்காமல் கையைக் கழுவினேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நானும் உன்னை மாதிரி ஆகிவிடுவேன்.

இந்த இரண்டு வருஷமாக ஒவ்வொரு தடவையும் எடை பார்க்கிற மெஷினில் ஏறி இறங்கும்போது, "நீ ஒரு சோம்பேறி, உன் தங்கச்சியைப் பார்" என்று என்னை நானே திட்டிக்கொள்வேன். உனக்கு இருக்கிற ஏதோ ஒன்று எனக்கு இல்லவே இல்லை என்று நம்பிவிட்டேன். நான் ஒரு பருக்கை கூடத் திருடித் தின்றதில்லை. அப்படியும் எங்கேயோ தெரியாமல் தின்கிறேனோ என்று என்மேலேயே சந்தேகம். உன் கடிதத்தைப் படித்த அன்று, திட்டி முடித்து அழுது முடித்து, கை கழுவுகிற இடத்துக் கண்ணாடியில் என்னைப் பார்த்தேன். "அடி பாவி, உன்மேல ஒரு தப்பும் இல்லடி" என்று வாய்விட்டே சொன்னேன். நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போன மாதிரி இருந்தது. அன்றைக்குத்தான் ரொம்ப நாளுக்கப்புறம் நிம்மதியாகத் தூங்கினேன். உன்மேல் எரிச்சலோடுதான் தூங்கினேன், ஆனாலும் நல்ல தூக்கம்.

டாக்டரிடம் வேண்டாம் என்று சொல்லவில்லை. உன் அத்தான் வண்டிச் சாவியை ஒளித்து வைத்துவிட்டார். வாய் திறக்காத மனுஷன், காரியத்தில் கெட்டி. நடை நின்றுவிட்டது. புண் கொஞ்சம் சிறுத்திருக்கிறது.

கேன்டீனில் யாரிடமும் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. படத்தை மட்டும் எடுத்துவிட்டேன், கதவைத் துடைக்க வேண்டும் என்று சொல்லி. வெந்நீர் காய்ச்சுவதையும் நிறுத்திவிட்டேன். ஏன் என்றார்கள். கேஸ் மிச்சம் என்றேன்.

இப்போது எனக்கு உண்மை வேண்டும். முழுசாக, ஒன்றையும் மென்று முழுங்காமல். நாக்கு எத்தனை நாள் அப்படி இருந்தது? திரும்பி வந்ததா? வலி எப்படி? மறுபடி ஒருதடவை கேட்டால் செய்துகொள்வாயா? பத்து நாள்தான் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 21

அக்கா,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். கன்னத்தில் விட வேண்டும் போல இருக்கிறது என்றாயே, அந்த வரி வந்ததும்தான் உட்கார்ந்தேன். நீ திட்டினால் நாம் சரியாகிவிட்டோம் என்று அர்த்தம்.

நாக்கு. முதல் ஆறு வாரம் மோசம். தண்ணீரே கனமாக இருக்கும். இரும்பு ருசி மூன்று மாதம் இருந்தது, நாலாவது மாதம் திடீரென்று போய்விட்டது. இனிப்பு மட்டும் இன்றைக்கும் திகட்டுகிறது. எண்ணெய் வாசனையை ஐந்து மாதம் தாங்க முடியவில்லை. அதற்கப்புறம் எல்லாம் திரும்பி வந்தது, முன்னைவிடக் கூர்மையாக. எனக்கு அப்படி. உனக்கும் அப்படியே இருக்கும் என்று சத்தியம் பண்ண மாட்டேன், எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லையாம். டாக்டரிடம் உன் வேலையைச் சொல்லிக் கேள். நான் வெட்கப்பட்டு எதையுமே கேட்கவில்லை.

வலி முதல் இரண்டு நாள். தோளில் வலிக்கும், ஆபரேஷனுக்காக வயிற்றில் நிரப்பிய காற்று அங்கே ஏறுமாம். மூன்றாவது மாதம் முடி கொட்டியது, சீப்பைப் பார்த்தாலே அழுகை வரும். பிறகு முளைத்தது. சத்து மாத்திரை ஆயுசுக்கும் உண்டு. அவசரமாகச் சாப்பிட்டால் நெஞ்சில் கல் அடைத்த மாதிரி நிற்கும். கைத்தோல் தொங்குகிறது, அதனால்தான் நான் நீளக் கை வைத்த சட்டையே போடுகிறேன். நீ அதை நாகரிகம் என்று நினைத்திருப்பாய்.

மறுபடி செய்துகொள்வேனா? செய்துகொள்வேன். ஆனால் அடுத்த தடவை உன் கையைப் பிடித்துக்கொண்டு போவேன். ஆபரேஷன் அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது கூரை விளக்குகளை எண்ணிக்கொண்டே உன்னைத்தான் நினைத்தேன். ஒரு போன் பண்ணியிருந்தால் வந்திருப்பாய்.

நீ சரி என்று சொல்வதாக இருந்தால் நான் வருகிறேன். பத்து நாள் விடுப்பு எழுதி வைத்துவிட்டேன். மேலாளர் காரணம் கேட்டார். "எங்கக்காவுக்கு எடை குறைக்கிற ஆபரேஷன். எனக்குச் செஞ்ச மாதிரியே" என்றேன். வாய் பிளந்து நின்றார். பின்னால் வரிசையில் இருந்தவரும் கேட்டுவிட்டார். கேட்டுவிட்டுப் போகட்டும்.

சின்னவள்


ஜூன் 14

அடி சின்னவளே,

நீ ஊருக்குப் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. போனில் தினமும் பேசுகிறோம், சண்டையும் போடுகிறோம். ஆனாலும் இதை எழுதித்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

முதலில் செய்தி. தொண்ணூற்றைந்து கிலோ. ஊசி பழைய அளவில் கால் பங்கு. பாதப் புண் மூடிவிட்டது, புதுத்தோல் இளஞ்சிவப்பாக இருக்கிறது. உன் அத்தான் தினமும் குனிந்து பார்த்துவிட்டு "ம்" என்கிறார். வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அந்தத் தாளை நீட்டினாளே, நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோமே, சிரித்துச் சிரித்துத் தையல் வலித்ததே. இப்போது நினைத்தாலும் வலிக்கிற மாதிரிதான் இருக்கிறது.

நாக்குக்கு வருகிறேன். எனக்கு இரும்பு ருசி ஏழு வாரத்தில் போய்விட்டது. அதுவரை சின்ன மாஸ்டர் ருசி பார்த்தான், நான் ஆவியை முகர்ந்தே கண்டுபிடித்தேன், இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஆள் வேலை செய்தோம். இப்போது கரண்டி நுனியில் ஒரு சொட்டு போதும். ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று, யாரிடமும் சொல்லாதே. பதினெட்டு வருஷமாக நான் உப்பைக் கூடத்தான் போட்டிருக்கிறேன். நானூற்று இருபது பேரில் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை பார்.

இப்போது சொல்ல வந்தது. கேன்டீனில் விடுப்புக் கேட்டபோது "வயித்துல ஒரு ஆபரேஷன்" என்று மட்டும்தான் சொன்னேன். அவர்களாகப் பித்தப்பை என்று முடிவு பண்ணிக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை. நேற்று மதியம் பாத்திரம் கழுவி முடித்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். ஸ்டோர்க்காரி, எங்கள் வெந்நீர்க் கூட்டத்தில் இருந்த சின்னப்பெண், முப்பத்துநாலு வயது, நம்மை மாதிரியே உடம்பு, என்னை மேலிருந்து கீழே பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அக்கா, பித்தப்பை எடுத்தா இப்படியா மெலிவாங்க? இல்ல, நீங்களும் உங்க தங்கச்சி மாதிரி நடந்தே சாதிச்சுட்டீங்களா?"

ஐந்து பேரும் என் பக்கம் திரும்பினார்கள். அந்த முகங்களை நீ பார்த்திருக்க வேண்டும். இத்தனை வருஷத்தில் என் சாப்பாட்டைப் பாராட்டியிருக்கிறார்கள், என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. உச்சி குளிர்ந்துபோனது. "ஆமா, நடந்தேன்" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகத் திறந்துவிட்டேன். எவ்வளவு சுலபம்டி அது! யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், கை தட்டுவார்கள்.

ஆஸ்பத்திரியில் உன்னிடம் "மன்னிச்சுட்டேன், போ" என்றேன். அப்போது அது வாயிலிருந்து வந்தது. நேற்று மதியம் அந்தப் பெஞ்சில்தான் மனசிலிருந்து மன்னித்தேன்.

பிறகு மூச்சை இழுத்து, "நடக்கலை. ஆபரேஷன். வயித்தை வெட்டி எடுத்திருக்காங்க" என்றேன். ஒருத்தி "ஓ, அப்படியா" என்றாள், கொஞ்சம் ஏமாற்றமாகத்தான். அப்புறம் எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் பாரம் இல்லை. சாயங்காலத்து வேலை முழுக்கப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே செய்தேன்.

கிளம்பும்போது ஸ்டோர்க்காரி சாமான் அறைக்குள் என் பின்னாலேயே வந்தாள். கதவைச் சாத்தினாள். "அக்கா, எனக்கும் டாக்டர் போன வருஷமே ஆபரேஷன் பண்ணச் சொல்லிட்டார். சர்க்கரை ரொம்ப மோசம். உங்க தங்கச்சி மாதிரி நடந்தே குறைச்சிடலாம்னு நான்தான் தள்ளிப் போட்டுட்டு வர்றேன்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. "உங்க தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை பேசலாமா? எனக்கு மட்டும் ஏன் குறையலைன்னு கேக்கணும்."

அது நீ சொல்ல வேண்டியது. சாமான் சீட்டின் பின்பக்கம் உன் நம்பரை எழுதி அவள் கையில் கொடுத்தேன்.

இந்தக் கடிதம் புதன்கிழமை உன் கைக்கு வரும். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் கூப்பிடுவாள். எடுத்துப் பேசு.

அக்கா